தொலைதூரத் தீவு முகாமுக்கு எரிபொருள் சேமிப்பு: திட்டமிடல் முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

தீவு முகாமுக்கு எரிபொருள் சேமிப்பு அமைக்கச் சொன்னால், புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் டேங்க் வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை ஆறாவது படியில்தான் வரும். நாள் செலவு, கப்பல் வரும் இடைவெளி, எரிபொருள் வகை, கரையிறக்கும் வழி, இடம் ஆகிய ஐந்தும் முடிவாகாமல் டேங்க் வாங்கினால், கரையில் இறக்க முடியாத டேங்க்கோ கப்பல் நிரப்ப முடியாத டேங்க்கோ கையில் நிற்கும்.

கீழே ஒரே உதாரணக் கணக்கு கடைசி வரை தொடர்கிறது. சராசரி மின்சுமை 60 கிலோவாட், ஆறு மாதத்துக்கு ஒரு கப்பல். உங்கள் முகாமின் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓராண்டின் மின்சுமைப் பதிவு, மணிவாரியாக. புது முகாம் என்றால் கருவிகளின் பட்டியலும் அவை ஓடும் நேரமும்.

கப்பலைப் பற்றி: அதன் பம்ப் தரும் அழுத்தம், குழாய் வாயின் அளவு, கிரேனின் தூக்குதிறன், எவ்வளவு நெருங்கி நங்கூரம் போட முடியும் என்பது.

தீவைப் பற்றி: உயரக் கோட்டு வரைபடம், கிணறுகளின் இடம், ஆண்டு முழுவதற்குமான காற்றின் திசை, ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை, புயலில் அலை ஏறிய உச்சக் குறி. கடைசியாகச் சொன்ன குறி எந்த ஆவணத்திலும் இல்லையென்றால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டைகளின் வரிசை எந்த உயரம் வரை போகிறது என்று நேரில் பாருங்கள்.

தீவை ஆளும் நாட்டின் தீப்பாதுகாப்பு விதிகளையும் சுற்றுச்சூழல் விதிகளையும் முதலிலேயே வாங்கிப் படியுங்கள். டேங்குகளுக்கும் கட்டடங்களுக்கும் இடையிலான தூரத்தை அவைதான் தீர்மானிக்கும்.

1. நாள் செலவைக் கணக்கிடுங்கள்

டீசல் ஜெனரேட்டர் 70 முதல் 80 சதவீதச் சுமையில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.28 லிட்டர் குடிக்கும். சுமை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதே யூனிட்டுக்கு 0.35 லிட்டரும் அதற்கு மேலும் ஆகும். எரியாத டீசல் புகைக்குழாயில் கரியும் பிசுக்குமாகப் படியும்.

60 கிலோவாட் சராசரி என்றால் நாளுக்கு 1,440 யூனிட். அதை 0.28 ஆல் பெருக்கினால் 403 லிட்டர். படகு, வண்டி, கிரேன் ஆகியவற்றுக்கு 100 லிட்டர் சேர்த்து, நாள் செலவு 500 லிட்டர் என்று வைப்போம்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள திறனை 24 ஆல் பெருக்குவது ஒன்று. இது தேவையை இரண்டு மூன்று மடங்காக ஊதிக் காட்டும். மற்றொன்று, பெரிய ஜெனரேட்டரைக் குறைந்த சுமையில் ஓட்டிக்கொண்டே டேங்க்கைப் பெரிதாக்குவது. யூனிட்டுக்கு 0.35 லிட்டர் செலவழிக்கும் இயந்திரத்தைச் சுமைக்குப் பொருந்தும் இரண்டு சிறியவையாக மாற்றினால் நாளுக்கு 100 லிட்டர் மிச்சம். ஆறு மாதத்துக்கு அது 18,000 லிட்டர். டேங்க் கட்டும் செலவைவிட இது மலிவாக முடிவதுண்டு. அதனால்தான் இந்தப் படி முதலில் வருகிறது.

2. வராத கப்பலைக் கணக்கில் சேருங்கள்

கப்பலின் கால அட்டவணையை அப்படியே நம்பித் திட்டம் போடக் கூடாது. வந்த கப்பல் அலை அடங்காமல் இறக்க முடியாமலே திரும்பிப் போவதும் தாமதம்தான்.

இடைவெளி 180 நாள், தாமதத்துக்கு 60 நாள், அவசரத்தில் தவிர தொடக் கூடாத கடைசி இருப்பு 30 நாள். மொத்தம் 270 நாள். 500 லிட்டர் வீதம் 1,35,000 லிட்டர். இது உண்மையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அளவு. டேங்க்கின் கொள்ளளவு அல்ல.

கடைசி இருப்பின் 30 நாள் எதற்கு என்பதை எழுதி வையுங்கள்: தொடர்பு, குடிநீர், குளிர்பதனம், மருத்துவ அறை. அந்தச் சுமை மட்டும் என்றால் 30 நாள் இருப்பு இன்னும் நீளும். எந்த நாளில் எதை அணைப்பது என்பது அமைதியான நேரத்தில் முடிவாக வேண்டிய விஷயம்.

சீக்கிரம் வரும் கப்பலையும் மறக்காதீர்கள். கப்பல் கொண்டுவருவது 90,000 லிட்டர். சரியான நாளில் வந்தால் தீவில் 45,000 லிட்டர் மீதம் இருக்கும். ஒரு மாதம் முன்பே வந்தால் மீதம் 60,000. அப்போது மொத்தம் 1,50,000 லிட்டருக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் மீதியைத் திருப்பி அனுப்ப நேரும்.

3. எரிபொருள் வகைகளைக் குறையுங்கள்

ஒவ்வொரு வகைக்கும் தனி டேங்க், தனி பம்ப், தனி ஹோஸ் வேண்டும். எனவே வகை குறையக் குறைய வேலையும் பிழையும் குறையும்.

ஹெலிகாப்டர் வரும் முகாமில் விமான எரிபொருளான ஜெட் ஏ-1 தவிர்க்க முடியாது. ஜெனரேட்டர் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டால் அதிலும் இதையே எரிக்கலாம். டீசலைவிட வழவழப்பு குறைவு என்பதால் இன்ஜெக்டர் பம்ப் தேயும், அதற்கான சேர்மானம் கலக்க வேண்டும். லிட்டருக்கு ஆற்றலும் சற்றுக் குறைவு. குளிர்த் தீவுகளில் இதற்கு இன்னொரு நன்மை உண்டு: ஜெட் ஏ-1 உறைநிலை மைனஸ் 47 டிகிரி; சாதாரண டீசலில் மெழுகு பிரிந்து ஃபில்டர் அடைபடும் குளிரிலும் இது ஓடும்.

பெட்ரோலை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். மைனஸ் 40 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை அது விடும். டீசலுக்கு அந்த வெப்பநிலை 50 டிகிரிக்கு மேல். படகு இன்ஜினுக்குப் பெட்ரோல் வேண்டியே ஆக வேண்டுமென்றால், நிழலும் காற்றோட்டமும் உள்ள தனிக் கொட்டகையில் சில டிரம்களோடு நிறுத்துங்கள்.

டீசல் ஆர்டர் செய்யும்போது தாவர எண்ணெய் வழி பயோடீசல் கலக்காதது வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவின் டீசல் தரமான ஈஎன் 590, 7 சதவீதம் வரை கலப்பை அனுமதிக்கிறது. பயோடீசல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வாரத்தில் தீர்ந்துபோகும் பங்க்கில் அது பிரச்சினையில்லை. ஒன்பது மாதம் கடலோரத்தில் நிற்கும் டேங்க்கில் பிரச்சினைதான்.

4. கரையிறக்கும் வழியை முடிவு செய்யுங்கள்

டேங்க்கின் அளவைவிட இதுதான் திட்டத்தை அதிகம் ஆட்டிவைக்கும். வழிகள் மூன்று: டிரம், டேங்க் கன்டெய்னர், கப்பலிலிருந்து கரை வரை கடலில் மிதக்கும் மிதவை ஹோஸ்.

90,000 லிட்டர் என்றால் 200 லிட்டர் டிரம் 450. நிரம்பிய ஒவ்வொன்றும் 190 கிலோ அளவுக்கு வரும். காலி டிரம்களைத் திருப்பி அனுப்புவதும் உங்கள் வேலையே. மிகச் சிறிய முகாமுக்கே இது சரிப்படும்.

20 அடி டேங்க் கன்டெய்னர் சுமார் 24,000 லிட்டர் கொள்ளும், டீசலோடு 24 டன் எடை. இறங்குதுறையில் அந்த எடையைத் தூக்கும் கிரேன் இருந்தால் இதுவே சுத்தமான வழி. எரிபொருள் கடலுக்கு மேல் திறந்த குழாயில் வருவதே இல்லை.

துறை இல்லாத தீவில் மிதவை ஹோஸ்தான். இதன் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். உள்விட்டம் 100 மி.மீ. ஹோஸில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மணிக்கு சுமார் 56,000 லிட்டர் வரும். 90,000 லிட்டருக்கு இரண்டு மணி நேரம் கூட ஆகாது. 75 மி.மீ. ஹோஸ் என்றால் மணிக்கு 32,000 தான். மூன்று மணி நேரம். ஹோஸை இழுத்து விரிக்கவும் சுத்தம் செய்து சுருட்டவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, கடல் அமைதியாக இருக்கும் இடைவெளிக்குள் எல்லாம் அடங்குகிறதா என்று பாருங்கள்.

அழுத்தமும் போதுமா? டேங்க் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் டீசலை அங்கே ஏற்ற மட்டும் 2 பார் (அழுத்த அலகு) வேண்டும். 500 மீட்டர் ஹோஸின் உராய்வு இன்னொரு 2 பார் அளவுக்கு வரும். கப்பலின் பம்ப் 4 பாருக்கு மேல் தராவிட்டால் கரையில் அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் வேண்டும். டேங்க் கட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் வேதனையான விஷயம்.

பலரும் விட்டுவிடும் எண் ஒன்று இருக்கிறது: அந்த 500 மீட்டர் ஹோஸுக்குள் எப்போதும் 3,900 லிட்டர் நிற்கும். ஹோஸ் அறுந்தால் கடலில் கொட்டுவது குறைந்தது அவ்வளவு. எனவே இழுவிசை கூடினால் தானே பிரிந்து இரு முனையும் மூடிக்கொள்ளும் கப்ளிங் போடுங்கள். வேலை முடிந்ததும் ரப்பர் உருளையை உள்ளே விட்டு, பின்னால் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, உள்ளிருப்பதை டேங்க்குக்குத் தள்ளுங்கள். இந்தக் கடைசி 3,900 லிட்டருக்கு டேங்க்கில் இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை.

5. இடம் பாருங்கள்

சிறு தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும். பவளப்பாறையும் மணலும் சல்லடை மாதிரி. மேலே சிந்திய டீசல் அந்த நீருக்கு எளிதில் போய்ச் சேரும். ஆகவே நிலத்தடி நீர் கிணற்றிலிருந்து கடலை நோக்கி ஓடும் பக்கத்தில் டேங்க் இருக்கட்டும். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

ஹவாயின் ஓவாஹு தீவில் ரெட் ஹில் நிலத்தடிக் கிடங்கு, குடிநீர் ஊற்றுக்கு சுமார் 30 மீட்டர் மேலே அமைந்திருந்தது. 2021 நவம்பரில் அங்கே ஏற்பட்ட கசிவு குடிநீர்க் கிணற்றில் கலந்து வீடுகளின் குழாய் வரை வந்தது. சிறு தீவில் மாற்றுக் கிணறு தோண்ட இடமே இருக்காது.

மற்றவை எளிது. அலைக் குறிக்கு மேலே. வழக்கமான காற்று டேங்க்கிலிருந்து குடியிருப்பை நோக்கி வீசாத பக்கம். ஹெலிகாப்டர் இறங்கும் பாதைக்கு விலகி.

6. இப்போது டேங்க்: எத்தனை, எப்படிப்பட்டது

4 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் உயரமும் உள்ள டேங்க் சுமார் 50,000 லிட்டர் பிடிக்கும். அதில் மேலே 5 சதவீதம் விரிவுக்கு விட வேண்டும்: டீசல் 15 டிகிரி சூடேறினால் 47,500 லிட்டர் சுமார் 590 லிட்டர் கூடும். கீழே 20 செ.மீ., அதாவது சுமார் 2,500 லிட்டர், தண்ணீரும் கசடும் தங்கும் இடம். உறிஞ்சுகுழாய் அதற்கு மேலே இருக்க வேண்டும். மிஞ்சுவது 45,000.

1,35,000 தேவைக்கு மூன்று டேங்க் கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கே நின்றுவிடாதீர்கள். ஒன்றில் கடல்நீர் கலந்தாலோ, ஒன்றைக் கழுவ நேர்ந்தாலோ கையில் இரண்டுதான். நான்கு டேங்க் போட்டால் ஒன்றை இழந்தும் முழுத் தேவை நிற்கும். ஒன்றிலிருந்து எடுக்க, ஒன்று தெளிய, மற்றவற்றில் நிரப்ப என்று வேலையும் ஓடும். ஒரே பெரிய டேங்க் தொலைதூரத் தீவுக்கு ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொழிற்சாலையில் கட்டிச் சோதித்து வரும் இரட்டைச் சுவர் டேங்க்கையே தேர்ந்தெடுங்கள், உங்கள் கிரேன் தூக்குமானால். தீவில் வெல்டிங், எக்ஸ்ரே, மணல்வீச்சு, பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஆளும் கருவியும் கொண்டுபோக வேண்டியிருக்கும். டேங்க்கின் அடித்தளம் வடிகால் பக்கம் சாய்ந்திருக்கட்டும். மட்டமாக உட்கார்ந்த டேங்க்கில் தண்ணீர் ஓரிடத்தில் சேராது, வடிக்கவும் முடியாது.

டீசல் படும் இடத்தில் துத்தநாகம் பூசிய குழாயோ செம்பு, பித்தளைப் பொருளோ கூடாது. அவை டீசலைச் சீக்கிரம் கெடுத்துப் பிசினாக்கும்.

7. தடுப்புத் தொட்டியும் மிதக்கும் டேங்க்கும்

டேங்க் கசிந்தால் டீசல் வெளியே ஓடாமல் பிடிக்க, டேங்குகளைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கட்டுவதே தடுப்புத் தொட்டி. இந்தப் படியில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன.

தொட்டி பிடிக்க வேண்டிய அளவுக்குப் பரவலான விதி இது: மிகப் பெரிய டேங்க்கில் 110 சதவீதம், அல்லது எல்லா டேங்க்கும் சேர்ந்த கொள்ளளவில் 25 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அது. நம் உதாரணத்தில் 55,000 லிட்டருக்கும் 50,000 லிட்டருக்கும் இடையில் 55,000.

டேங்குகளுக்கிடையே இரண்டிரண்டு மீட்டர் விட்டால் தொட்டி 14க்கு 14 மீட்டர், அதாவது 196 சதுர மீட்டர். கசியாத மூன்று டேங்க் அடைக்கும் 38 சதுர மீட்டரைக் கழிக்க வேண்டும். இதைக் கழிக்க மறப்பது வழக்கமான பிழை. மீதி 158. அதில் 55,000 லிட்டர் 35 செ.மீ. ஏறும். ஒரே நாளில் 20 செ.மீ. மழை பெய்யும் தீவென்றால் அதையும் கூட்டி, சுவர் 60 செ.மீ.

அடுத்தது பீய்ச்சல். நிரம்பிய டேங்க்கில் பாதி உயரத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் சுவரின் உயரத்துக்கு இறங்கும் முன் 3 மீட்டருக்கு மேல் பாயும். உங்கள் இடைவெளி 2 மீட்டர். சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். இரட்டைச் சுவர் டேங்க் கேட்பதற்கு இன்னொரு காரணம் இதுதான். ஒற்றைச் சுவர் என்றால் தொட்டிச் சுவரைத் தள்ளிக் கட்டுங்கள், இல்லை உயர்த்துங்கள்.

அதைவிட முக்கியமானது மிதப்பு. 4 டன் எடையுள்ள காலி ஒற்றைச் சுவர் டேங்க், தொட்டியில் 32 செ.மீ. மழைநீர் நின்றாலே கிளம்பிவிடும். புயல் கடல்நீர் தேவையில்லை. வடிகால் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் மழை போதும். டேங்க் ஒரு கை அகலம் நகர்ந்தால் குழாய் முறியும். 60 செ.மீ. முழுக்க நிரம்பினால் தூக்கும் விசை 7.5 டன், எடையைக் கழித்து 3.5 டன்னை நங்கூரப் போல்ட் தாங்க வேண்டும். காற்றின் விசை அதற்கு மேல். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லா டேங்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்திருப்பதைவிட, சிலவற்றை நிரப்பிவிட்டு, காலியாகும் டேங்க்கின் போல்ட்டுகளைப் பாருங்கள்.

தொட்டியின் வடிகால் வால்வு எப்போதும் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். மழைநீரை ஆள் நின்று பார்த்து, எண்ணெய்ப் படலம் இல்லையென்று உறுதி செய்து, எண்ணெய் பிரிப்பான் வழியாக விடுங்கள். திறந்தே கிடக்கும் வால்வு இருந்தால் தொட்டி கட்டியதே வீண்.

8. குழாய், வால்வு, அளவி

குழாய் எல்லாம் தரைக்கு மேலே, கண்ணில் படும்படி. புதைத்த குழாயின் கசிவு கிணற்றில்தான் முதலில் தெரியும்.

கடற்காற்றில் குழாய் அரிக்கத் தொடங்குவது நடுவில் அல்ல, தாங்கியின் மேல் உட்காரும் இடத்தில். அங்கே உப்புநீர் இடுக்கில் நின்று காயாமல் இருக்கும். மேலே பெயின்ட் நன்றாகத் தெரியும். அடியில் விரலை விட்டுத் தடவினால் துரு செதிலாக வரும். குழாய்க்கும் தாங்கிக்கும் நடுவே உருண்டையான பிளாஸ்டிக் கம்பி ஒன்றை வையுங்கள். ஒரு கோட்டில் மட்டும் தொடும், தண்ணீர் நிற்காது.

இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே டீசல் சிக்கினால் வெயிலில் விரிய இடமில்லாமல் அழுத்தம் பத்துக்கணக்கான பாருக்கு ஏறும். கேஸ்கெட் பிதுங்கும். அப்படிப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் அழுத்தம் கூடினால் தானே திறக்கும் சிறிய ரிலீஃப் வால்வு போட்டு, டேங்க்குக்கே திருப்புங்கள்.

நிரப்பும் குழாய் டேங்க்கின் அடி வரை இறங்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரையும் நிலைமின்சாரமும் வரும். குழாய் வாய் மூழ்கும் வரை வேகம் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். குழாய்கள் சேரும் எல்லா ஃபிளாஞ்சும் எர்த் இணைப்போடு இருக்கட்டும்.

டேங்க்கின் மட்டம் காட்டும் அளவி ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் டேங்க்கின் அளவி ஒரே எண்ணில் நின்றுவிட்டது, தனியாக இருந்த உச்சமட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து பெருவெடிப்பானது. மின் அளவி, அதனோடு தொடர்பில்லாத உச்சமட்ட அலாரம், கையால் அளக்கும் டேப் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கு முன்பும் அலாரத்தை நிஜமாகவே அடிக்க வைத்துப் பாருங்கள்.

9. தண்ணீர்ச் சோதனைக்குத் தண்ணீர் எங்கே?

தீவில் கட்டிய டேங்க்கை முதலில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் டீசலைவிட கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கனம். அடித்தளம் அமிழ்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரு டேங்க்குக்கு 50 டன் நன்னீர் வேண்டும், தீவில் அது பெரிய விஷயம். மழைக்காலத்தில் சேர்த்து, ஒரே தண்ணீரை டேங்க் டேங்க்காக மாற்றுங்கள். கடல்நீரைத் தவிர்க்க முடியாதென்றால் சோதனை முடிந்த உடனே வடித்து, நன்னீரால் கழுவி, உலர்த்துங்கள். ஒரு வாரம் விட்டால் உள்சுவரில் குழிக்குழியாக அரிக்கும்.

10. ஜெனரேட்டர் அறையின் சிறு டேங்க்

பெரிய டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு நேராகக் குழாய் இழுக்காதீர்கள். நடுவே ஒரு நாள் செலவுக்கான சிறு டேங்க்கும், அதற்கு முன் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் வேண்டும். கெட்ட எரிபொருள் வந்தாலும் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். வழிந்தால் பெரிய டேங்க்குக்கோ தனிப் பாத்திரத்துக்கோ திரும்பும் குழாய் போடுங்கள். பெரிய டேங்க் மேட்டில் இருந்தால், குழாய் முறிந்தாலும் தானாக வடியாமல் தடுக்கும் வால்வும், தீயின் சூட்டில் உலோக இணைப்பு உருகி மூடும் வால்வும் கட்டாயம்.

11. தீ

வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி வராது என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். கடல்நீர் பம்ப், முகாமின் மின்சாரத்தை நம்பாத தனி டீசல் இன்ஜினில் ஓட வேண்டும். ஃப்ளூரின் இல்லாத நுரைத் திரவம் வாங்குங்கள். பழைய வகை மண்ணிலும் நிலத்தடி நீரிலும் அழியாமல் தங்கும். வாங்கும்போதே கடல்நீரில் நுரைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள், எல்லாம் நுரைப்பதில்லை.

12. இறக்கிய பிறகு: தண்ணீரும் பூஞ்சையும்

கப்பல் குழாயைத் திறக்கும் முன்பே மாதிரி எடுங்கள். தெளிந்த கண்ணாடிக் குடுவையில் பாதி ஊற்றிச் சுழற்றினால், தண்ணீர் இருந்தால் சுழியின் நடுவில் அடியில் துளியாகத் திரளும். கலங்கலாக இருந்தால் இறக்க வேண்டாம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு லிட்டர் மாதிரியைத் தேதியோடு முத்திரையிட்டு அடுத்த கப்பல் வரை வையுங்கள்.

இறக்கிய டேங்க்கை ஓர் இரவாவது தொடாமல் விட்டு, அடித்தண்ணீரை வடித்த பிறகே எடுக்கத் தொடங்குங்கள். அதன்பின் வாரம் ஒரு முறை, தண்ணீர் காட்டும் பேஸ்ட்டை அளவு டேப்பின் நுனிக் குண்டில் தடவி இறக்குங்கள். தண்ணீர் தொட்ட உயரம் வரை நிறம் மாறும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில்தான் பூஞ்சை வளரும். வடித்த மாதிரியில் பழுப்பு நிறத்தில் வழவழப்பான ஏடு நடுவில் மிதந்தால் அதுதான். மருந்து ஊற்றினால் செத்த பூஞ்சை உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். மருந்தோடு உபரி ஃபில்டர்களும் கையிருப்பில் வேண்டும், டேங்க்கையும் கழுவ வேண்டும். தண்ணீரே நிற்காமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பாடு இல்லை. டீசல் டேங்க்கின் மூச்சுக்குழாயில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குப்பியை மாட்டி, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

அவசரத்துக்கு வைக்கும் டிரம்களை நிமிர்த்தி வைக்காதீர்கள். நிமிர்ந்த டிரம்மின் மூடியில் மழைநீர் குளமாக நிற்கும். பகலில் சூடாகி மூச்சு விட்ட டிரம் இரவில் குளிர்ந்து உள்ளிழுக்கும்போது அந்தத் தண்ணீரையும் மரை வழியே சேர்த்து இழுக்கும். கட்டையின் மேல் படுக்கவைத்து, இரண்டு மூடித் துளைகளும் கடிகாரத்தின் 3, 9 மணி நிலையில் வருமாறு உருட்டி நிறுத்துங்கள். துளைகள் உள்ளேயிருந்து எரிபொருளால் நனைந்திருக்கும். காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது, மூடி கசிந்தாலும் நடந்து போகும்போதே கண்ணில் படும்.